குறை கேட்க வந்த பஹ்மிதா மாமி

எங்கள் உம்மாவுக்குக் குறை சொல்லத் தெரியாது. சோளகக் காற்றில் கூரைத் தகரம் இரண்டு பறந்துபோய்ப் பக்கத்து வளவுத் தென்னையில் தொங்கிய அன்றுகூட, வேலிக்கு வெளியே நின்று "எப்படி சாரா, சுகமா?" என்று கேட்டவர்களிடம், "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இரிக்கிறம்" என்றுதான் சொன்னார். அந்த நேரம் நாங்கள் மூன்று பேரும் நனையாத ஒரே இடமான அலுமாரிப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றோம்.

இந்தப் பழக்கத்தால் அதுவரை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நட்டம் வந்ததில்லை. முதல் நட்டம் என் தம்பி றிப்திக்குத்தான் வந்தது.

றிப்திக்கு எட்டு வயது. பேச்சு மொத்தமாக ஏழெட்டுச் சொல். போத்தல், பேணி, டப்பா எதைக் கண்டாலும் மூடியைக் கழற்றித் தன் பெட்டியில் போட்டுக்கொள்வான். எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலுக்குக் கடதாசிச் சுருள்தான் மூடி. காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் விற்கும் ஓட்டோவுக்கு அரை மணித்தியாலம் முன்னதாகவே வாசலில் போய் நிற்பான். ஆனால் மணிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டாம். எங்கள் ஊரான கண்டக்குழியில் எந்தப் பக்கம் ஓடினாலும் கொஞ்சத்தில் கடலோ களப்போ வந்துவிடும்.

வீதியோரம் இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் இப்படியான பிள்ளைகளுக்கென்று விசேட கல்வி அலகு ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். என்னுடைய விடுகைப் பத்திரம் இன்னும் அந்த அதிபரின் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. பத்தாம் வகுப்பில் ஒரு நாள் முக்கால் மணித்தியாலம் முந்தி நானே மணியடித்து முழுப் பள்ளிக்கூடத்தையும் வீட்டுக்கு அனுப்பியதோடு என் படிப்பும் வீட்டுக்கு வந்துவிட்டது. அந்த அலகில் சேர வேண்டுமென்றால் தவணைக்கு ஒரு தடவை வருகிற மூன்று பேர் கொண்ட சபை பிள்ளையைப் பார்த்துச் சிபாரிசு எழுத வேண்டும்.

முதலாம் தவணையில் சபை வந்தது. உம்மா பெருநாள் அபாயாவைப் போட்டுக்கொண்டு போனார். அவர்கள் கேட்டார்கள், உம்மா பதில் சொன்னார்.

"பிள்ளை தனியாச் சாப்பிடுமா?"

"ஓம் சேர், அல்ஹம்துலில்லாஹ்."

"வகுப்பில குழப்படி செய்யுமா?"

"இல்ல சேர். தங்கமான புள்ள."

"இரவில நித்திரை?"

"ஒரு குறையும் இல்ல சேர்."

அன்றைக்கு முதல் நாள் இரவு உம்மா மொத்தமாக இரண்டு மணித்தியாலம்தான் கண் மூடியிருந்தார். சபை எழுதியது: 'விசேட தேவைகள் எவையும் பெற்றோரால் குறிப்பிடப்படவில்லை. சாதாரண வகுப்புக்குப் பொருத்தமானவர்.' தம்பியை நாற்பது பிள்ளைகளோடு ஒரு வகுப்பில் இருத்தினார்கள். மூன்றாவது கிழமை அதிபர் கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்கு வீட்டில வச்சிருங்க, வளரட்டும்" என்றார். உம்மா "சரி சேர்" என்றார். கடதாசியின்படி தம்பிக்கு ஒரு குறையும் இல்லை. அதிபரின்படி அவன் பள்ளிக்கூடத்தில் இருக்க ஏலாது. இந்த இரண்டுக்கும் நடுவில் அவன் வீட்டில் மூடி பொறுக்கிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் பஹ்மிதா மாமி வந்தார். சொந்த மாமி இல்லை, ஊர் மாமி. கருவாடு காயவைக்கும் வாடியில் மீன் வெட்டுகிறவர். வயது நாற்பத்து மூன்று. ஒல்லி. கால்கள் மட்டும் நீளம், நடந்தால் நாங்கள் ஓட வேண்டும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினாராம். சிங்களம் மட்டும் கருவாடு வாங்க வரும் லொறிக்காரரோடு விலை பேசிப் பேசியே கைவந்தது.

வந்ததும் வராததுமாக வாசற்படியில் குந்திக்கொண்டு கேட்டார். "சாரா, ஒங்கட புள்ளையில என்ன குறை?"

உம்மாவின் முகம் கறுத்துவிட்டது. "என்ன ராத்தா இப்பிடிக் கேக்கிறீங்க? அல்லாஹ் தந்த புள்ள."

"என்ட புள்ளையும் அல்லாஹ் தந்ததுதான். நானும் ஒங்களப் போலத்தான் சொன்னேன்."

மாமியின் மகள் றுஷ்னாவுக்கு இப்போது பத்தொன்பது வயது. நடக்க ஏலாது, பேச்சு இழுத்து இழுத்து வரும், சிரிப்பு மட்டும் சுருக்காக வரும். அவளுக்கு ஆறு வயதில் மாமி அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார். "அடுத்த வருசம் கொண்டு வாங்க" என்றார்கள். மாமி சரி என்றார். அடுத்த வருடமும் அதையே சொன்னார்கள், அதற்கடுத்த வருடமும். மூன்று தடவையும் மாமி "சரி சேர், நல்லது சேர்" என்று நன்றி சொல்லிவிட்டு வந்தாராம். நாலாம் தடவை "வயசு கூடிட்டே" என்றார்கள். மாமியின் புருசன் அதற்கும் அவரைத்தான் ஏசினார். பிறகு ஏசுவதற்கும் இல்லாமல் வேறு ஊரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டார்.

றுஷ்னா ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் போகவில்லை. மாமி அதற்குப் பிறகு ஆறு பிள்ளைகளை உள்ளே அனுப்பியிருக்கிறார். எல்லாம் மற்றவர்களுடைய பிள்ளைகள்.

"சாரா, இத மட்டும் கேளுங்க," என்றார் மாமி. "அல்லாஹ்ட்ட ஷுக்ர் சொல்லுங்க. ஒபிஸில குறை சொல்லுங்க. ரெண்டும் வேற வேற இடம். நீங்க இடம் மாறிச் சொல்லிட்டு வந்திரிக்கிறீங்க."

"பெத்தவளே குறை சொன்னா புள்ளைக்குக் கண்ணூறு பட்டிராதா ராத்தா?"

"இப்ப வீட்டுக்குள்ள கிடக்கிறானே, இது என்ன பட்டதாம்?"

உம்மா தேத்தண்ணி வைக்கப் போனார். மாமி என் பக்கம் திரும்பினார். "நீதானே மணியடிச்ச புள்ள?" ஓம் என்றேன். "அதிபர் மாதிரி கதைப்பியாமே. எங்க, கதை பாப்பம்."

கதைத்தேன். தொண்டையைச் செருமி, இல்லாத கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, "பிள்ளைகளே, ஒழுக்கம்..." என்று தொடங்க, மாமி சிரித்துச் சிரித்துப் படியிலிருந்து சரிந்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லம். இனி நீதான் சபை" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் குசினியில் சபை கூடியது. நான் தேங்காய் துருவும் பலகையில் அதிகாரியாக உட்காருவேன். உம்மா எனக்கு எதிரே நிற்பார்.

"பிள்ளை தனியாச் சாப்பிடுமா?"

"ஓ..." என்று தொடங்குவார். மாமி அகப்பையால் அடுப்படியில் ஒரு தட்டுத் தட்டுவார். உம்மா மறுபடி. "சாப்பி... சில நேரம்..."

"சில நேரம் எண்டா என்ன? நேத்து என்ன நடந்த?"

"நேத்து... நீலக் கோப்பையக் காணல்ல. சோத்த சுவர்ல எறிஞ்சான்."

"மாஷா அல்லாஹ்! அதச் சொல்லுங்க!"

சுவரில் சோறு எறிந்ததற்கு மாஷா அல்லாஹ் கேட்ட பிள்ளை இந்த ஊரில் என் தம்பி ஒருவன்தான்.

மாமி என்னிடம் ஒரு கொப்பி தந்து, பத்து நாள் நடப்பதை எழுதச் சொன்னார். நான் எழுதியதில் கொஞ்சம்:

'திங்கள். றிப்தி மூன்றரைக்கு எழும்பினான். ஆகவே எல்லாரும் மூன்றரைக்கு எழும்பினோம்.

செவ்வாய். ஐஸ்கிரீம் சைக்கிள் மணிக்கு ஓடினான். தண்ணி இடுப்பு மட்டத்துக்கு வந்தபின்தான் பிடித்தேன். என் முழங்கால் கிழிந்தது. அவனுக்கு ஒன்றுமில்லை.

வியாழன். "ராத்தா" என்று கூப்பிட்டான். என்னையா பூனையையா என்று தெரியவில்லை. பூனை போகவில்லை, நான் போனேன்.'

மாமி எழுத்துக்கூட்டி வாசித்தார். வியாழக்கிழமையில் விரல் நின்றது. "இது குறை இல்லயே, வெட்டவா?" என்று கேட்டேன்.

"வெட்டாத. என்ன ஏலாது எண்டு சொன்னாத்தான் உள்ள எடுப்பாங்க. என்ன ஏலும் எண்டு சொன்னாத்தான் படிப்பிப்பாங்க. ரெண்டும் இரிக்கட்டும்."

அடுத்தது அதிபர். இந்த இடத்தில் மாமியின் தொழில் முறையைச் சொல்ல வேண்டும். பெரிய மனிதரைப் பார்க்கப் போவதென்றால் எல்லாரும் குளித்துச் சென்ட் பூசிக்கொண்டு போவார்கள். மாமி வாடியிலிருந்து நேரே வருவார், கட்டா மீன் வெட்டிய கையோடு, சவர்க்காரம் போடாமல். "மணத்துக்கிட்டுப் போனா வெளி வாங்குல ரெண்டு மணித்தியாலம் இருத்துவாங்க. நாறிக்கிட்டுப் போனா ரெண்டு நிமிசத்துல பைல் வெளிய வரும்."

அப்படியே நடந்தது. அதிபர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு மின்விசிறியைப் போட்டார். வாடை அறை முழுக்கச் சுற்றி வந்தது.

"இந்தப் புள்ளைய சபை மறுபடி பாக்கணும் சேர்," என்றார் மாமி. "கடிதம் கொண்டு வந்திரிக்கிறம்."

"அது முடிஞ்ச விசயம். அடுத்த வருசம் பாப்பம்."

"நல்லது சேர். அடுத்த வருசம் எண்டு எழுதித் தாங்க."

"நான் வாயால சொல்றனே."

"நீங்க வாயால சொன்னத நான் வலயக் கல்வி ஒபிஸில போய் வாயால சொன்னா, அவங்க என்ட வாயையா பாக்கப் போறாங்க? பேரும் பதவியும் திகதியும் போட்டு, ஏன் எடுக்கல்ல எண்டு ரெண்டு வரி. போதும்."

"நீங்க யாரு இதுல?"

"மீன் வெட்டுற பொம்புள."

அதிபர் பேனையை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். எழுதினால் அது அவருடைய கழுத்துக்கு வரும். எழுதாவிட்டால் கடிதத்தை எடுக்க வேண்டும். மாமி சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துவிட்டு மேசையில் முழங்கையை வைக்கப் போனார். அதிபர் பாய்ந்து கடிதத்தை வாங்கிக்கொண்டார். பிரதியில் 'கிடைத்தது' என்று சீல் விழும் வரைக்கும் மாமி அசையவில்லை. உம்மா மட்டும் வெளியே வரும்போது "நன்றி சேர்" என்றார். மாமி வாசலில் நின்று உம்மாவை முறைத்தார்.

வாப்பா கட்டாரில் லொறி ஓட்டுகிறார். விசயம் கேள்விப்பட்டு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார். "பெரிய ஆக்களோட மோத வேணாம் சாரா. புள்ளைக்கு இரிக்கிற இடமும் இல்லாமப் போயிரும்." உம்மா அதை மூன்று தடவை கேட்டார். பிறகு பதில் அனுப்பினார். "இரிக்கிற இடம் எது? சொல்லுங்க."

இரண்டாம் தவணையில் ஒரு புதன்கிழமை சபை. உம்மா, நான், றிப்தி, மாமி நாலு பேரும் போனோம். வாசலில் நின்ற எழுதுவினைஞர் மாமியை மறித்தார். பெற்றோர் மட்டும்தான். மாமி தமிழில் கேட்டார், சிங்களத்தில் கேட்டார். அவர் இரண்டு மொழியிலும் இல்லை என்றார். றிப்தி என் கையை விடாததால் என்னை மட்டும் விட்டார்கள்.

மாமி உம்மாவின் தோளைப் பிடித்துச் சொன்னார். "சாரா, இந்த முறையும் நல்லா இரிக்கிறான் எண்டு சொன்னீங்களோ, இதோட முடிஞ்சு. அடுத்தது அவனுக்கும் வயசு கூடிட்டெண்டுதான் சொல்லுவாங்க."

உள்ளே நீண்ட மேசை. நடுவில் ஒரு அதிகாரி அம்மா, ஒரு பக்கம் இளம் டொக்டர், மறு பக்கம் அதிபர். பின்னால் ஓரமாக அலகின் ஆசிரியை யூஜீனியா டீச்சர். அதிகாரி அம்மா பழைய கடதாசியை எடுத்தார். "போன முறை ஒரு பிரச்சினையும் இல்லையெண்டு சொல்லியிருக்கிறீங்களே. இப்ப பிள்ளை எப்படி?"

உம்மாவின் வாய் திறந்தது. "அல்ஹம்..." அவ்வளவில் நின்றது. கொப்பியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். வரிகள் எல்லாம் எனக்குப் பாடம். ஆனால் அந்த மேசையில் என் குரலுக்குப் பெறுமதி இல்லை என்பதும் தெரியும். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். போச்சு என்று நினைத்தேன்.

அப்போது அதிபர் உதவி செய்தார். "இவங்க நல்ல தாய் மேடம்," என்றார் சிரித்துக்கொண்டு. "ஒரு கரைச்சலும் தரமாட்டாங்க. சொன்னாக் கேப்பாங்க."

உம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். கூரை பறந்த அன்றுகூட அப்படி ஒரு பார்வையை நான் கண்டதில்லை.

"போன முறை நான் பொய் சொன்னேன் மேடம்," என்றார் உம்மா. "பொய் சொன்னேன் எண்டே எழுதுங்க. என்ட புள்ள தனியாச் சாப்பிடமாட்டான். ராவையில தூங்கமாட்டான். இந்த வருசம் நாலு தரம் கடலுக்குள்ள போயிட்டான். வெட்கத்துல மறைச்சிட்டேன். இனி மறைக்கமாட்டேன்."

டொக்டர் பேனையைத் திறந்தார். உம்மா கொப்பியைத் திறக்கவே இல்லை.

"இந்தப் பள்ளிக்கூடத்துல மூணு கிழமை இருந்தான். ஒரு எழுத்துப் படிப்பிக்கல்ல. கடைசி வாங்குல, தண்ணித் தாங்கிப் பக்கம் இருத்தினாங்க. மணியெண்டு ஒரு தண்டவாளத் துண்டு, அது அந்த வகுப்பு யன்னலோட தொங்குது. அத ஒங்கட காதுக்குப் பக்கத்துல கட்டி அடிச்சா நீங்களும் ஓடுவீங்க சேர். ஓடுற புள்ளையப் புடிக்க ஆளில்ல. கேட்டில பூட்டில்ல. புள்ளையில குறையாம்!"

"சரி தங்கச்சி, விளங்குது," என்றார் அதிகாரி அம்மா.

"இன்னும் இரிக்கி மேடம்."

இருந்தது. முப்பத்தாறு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த குறை முழுக்க வரிசையில் நின்றது. சபை தவணைக்கு ஒரு தடவைதான் வருவது குறை. படிவம் விளங்காத தமிழில் இருப்பது குறை. வெளியே நிற்கிற தாய்மாருக்கு நிழல் இல்லாதது குறை. மாமியை உள்ளே விடாதது பெரிய குறை. நடுவில் டொக்டர் தண்ணிப் போத்தலை நீட்டினார். உம்மா குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். குசினியில் நான் படிப்பித்த ஒரு வரியும் அதில் இல்லை. றிப்தி அந்தப் போத்தலின் மூடியை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். டொக்டர் அதைக் கண்டு ஒரு வரி எழுதினார். பிறகு போத்தலை அவனிடமே கொடுத்துவிட்டார்.

"சிபாரிசு எழுதலாம்," என்றார் அதிகாரி அம்மா கடைசியில்.

அதிபர் இருமினார். "அலகில இப்பவே எட்டுப் பிள்ளைகள் மேடம். வேணுமெண்டா கிழமைக்கு மூணு நாள் வரட்டும்."

"மத்தப் புள்ளைகள் எத்தின நாள் வருது?" என்று கேட்டார் உம்மா.

"அஞ்சு."

"என்ட புள்ளைக்கும் அஞ்சு."

அதிகாரி அம்மா யூஜீனியா டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அதிபரைப் பார்க்காமல் சொன்னார். "ஒன்பது பேர் எனக்கு ஏலும் மேடம். மணிய மட்டும் தள்ளிக் கட்டித் தந்தாப் போதும்." ஐந்து நாளும் மணியும் கடதாசியில் ஏறின. உம்மா பிரதி கேட்டு வாங்கினார். நன்றி சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. உம்மாவுக்கு இன்னும் சூடு ஆறவில்லை. பஸ் ஆசனம் கிழிந்திருப்பதையும் ஒரு குறையாகச் சொல்லிவிட்டு, மாமியின் பக்கம் திரும்பினார்.

"ராத்தா, மதுரங்குளிப் பக்கம் பெரிய புள்ளைகளுக்குத் தொழில் படிப்பிக்கிற இடம் ஒண்டு இரிக்காமே. றுஷ்னாவுக்குக் கேட்டீங்களா?"

"அவளுக்குப் பத்தொம்பது."

"பத்தொம்பது எண்டாத்தானே பெரிய புள்ள. கேட்டீங்களா?"

மாமி யன்னலுக்கு வெளியே பார்த்தார். எந்த ஒபிஸிலும் பதிலுக்குத் தடுமாறாதவர். பஸ் ஒரு தரிப்பில் நின்று, ஆள் இறங்கி, மறுபடி வெளிக்கிட்டது.

"கேக்கல்ல," என்றார். "மத்தவங்கட புள்ளைக்கு எண்டா கால் தானாப் போகுது. என்ட புள்ளைக்கு எண்டா பயமா இரிக்கி சாரா. இன்னொருக்கா இல்லையெண்டு சொல்லிருவாங்க எண்டு."

"சனிக்கிழம போவம்," என்றார் உம்மா. "நீங்க வெளிய நில்லுங்க. நான் கதைக்கிறன்."

போனார்கள். ஒரு படிவம் வந்திருக்கிறது. அதை நிரப்பப் போகிறவள் நான்தான். றுஷ்னா பக்கத்தில் இருந்துகொண்டு, கையெழுத்துச் சரியில்லை என்று இழுத்து இழுத்துச் சொல்லிச் சிரிக்கிறாள்.

தம்பி போக வேண்டிய திங்கட்கிழமைக்கு முதல் நாள் மாலையில் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். சந்தோசமான முகம் இல்லை. "கடதாசி கையில கிடைச்சா புள்ள உள்ள போயிட்டான் எண்டு நினைக்க வேணாம். ஒரு கிழம பாப்பாங்க, பிறகு டீச்சர் இல்ல, மழை, விளையாட்டுப் போட்டி எண்டு வீட்டுக்கு அனுப்புவாங்க. வரவு இடாப்பில ஒவ்வொரு நாளும் அவன்ட பேருக்கு நேர சரி அடையாளம் விழணும். விழாத நாள் அவன் பள்ளிக்கூடம் போகாத நாள். போய் நின்டு பாருங்க."

திங்கள் காலை உம்மா அலகின் யன்னலடியில் நின்றார். யூஜீனியா டீச்சர் இடாப்பைத் திறந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒன்பதாவது பெயர் றிப்தி. அவன் பதில் சொல்லவில்லை. மேசைக்குக் கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சர் இடாப்பை மூடாமல் காத்திருந்தார். மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது தடவை அவன் தலையைத் தூக்கினான். அவ்வளவுதான். டீச்சருக்கு அது போதும். பேனை கீழே இறங்கியது.

அதிபர் வந்து, "பெற்றோர் இங்க நிக்கக் கூடாது" என்றார்.

"சரி விழுந்ததப் பாத்துட்டேன் சேர். போறன்," என்றார் உம்மா.

செவ்வாயும் போய் நின்றார், புதனும். இரண்டாம் கிழமை புதனன்று டீச்சர் லீவு. தம்பியைக் கூட்டிப் போகச் சொன்னார்கள். உம்மா கூட்டிப் போகவில்லை. வேறு ஆசிரியர் வரும் வரைக்கும் ஒன்பது பிள்ளைகளோடும் தானே உள்ளே இருந்தார். அன்றும் ஒன்பது சரி விழுந்தது. மற்றத் தாய்மாரில் இரண்டு பேர் அடுத்த நாளிலிருந்து யன்னலடிக்கு வரத் தொடங்கினார்கள்.

பன்னிரண்டாம் நாள் அதிபர் தோற்றுவிட்டார் என்று நினைக்கிறேன். அல்லது வெயிலைப் பார்த்து இரங்கினாரோ தெரியாது. தன் அறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து யன்னலடியில் போட்டார்.

"இருங்க," என்றார்.

"வேணாம் சேர்," என்றார் உம்மா. "கதிரையில இருந்தா இடாப்புத் தெரியாது."